ஆறாம் வகுப்பிலேயே நிறப்பார்வையைச் சோதியுங்கள்: நெல்லைச் சீமைக் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும், பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும், ஆய்வக ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

போலீஸ் வேலைக்கும் பட்டாளத்துக்கும் ரயில்வேக்கும் கப்பலுக்கும் தயாராகும் பையன்கள் நம் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டத்தில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பும் முடிந்த பிறகு, மருத்துவப் பரிசோதனை மேசையில் ஒரு புள்ளிப் படப் புத்தகத்தை விரிக்கும்போதுதான் சிலருக்குத் தங்கள் கண்ணைப் பற்றி முதன்முதலாகத் தெரியவருகிறது. அப்போது வயது இருபதைத் தாண்டியிருக்கும். பிறந்த நாள் முதல் அந்தக் கண்ணில் இருந்துவந்த நிறப்பார்வைக் குறைபாட்டை, அதாவது சில நிறங்களைப் பிரித்தறிய முடியாமல் இருப்பதைப் பன்னிரண்டு வருடப் பள்ளிக்கூடத்தில் யாரும் பார்க்கவில்லை. கண் பரிசோதனையிலும் பள்ளி ஆய்வகங்களிலும் வேலை பார்க்கும் நாங்கள் கேட்பது இதுதான்: ஆறாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒருமுறை, இரண்டு நிமிடம், நிறப்பார்வைச் சோதனை நடத்துங்கள். குறைபாடு இருப்பது தெரிந்தால் வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் அந்தப் பிள்ளைக்கு வேண்டிய மாற்றங்களைச் செய்து கொடுங்கள்.

பள்ளியில் ஏற்கெனவே கண் பரிசோதனை நடக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அது 6 மீட்டர் தூரத்தில் வைக்கும் எழுத்து அட்டை. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. பார்வைக் கூர்மையை மட்டும்தான் அது அளக்கும். 6/6, அதாவது முழுப் பார்வைக் கூர்மை என்று வாங்கும் பிள்ளைக்கும் நிறப்பார்வைக் குறைபாடு இருக்கலாம். ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பே இல்லை.

ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கும் பெண்களில் 200 பேரில் ஒருவருக்கும் சிவப்பு–பச்சைக் குறைபாடு உண்டு. நம் நாட்டு ஆண்களிடம் இது அதைவிடக் குறைவு. நூற்றுக்கு மூன்று என்று அடக்கமாகக் கணக்கு வைத்தாலும், 35 பையன்கள் உட்காரும் வகுப்பில் ஒருவன் இருப்பான். உங்கள் பள்ளியிலும் இருக்கிறான். உங்களுக்கும் தெரியாது, பெரும்பாலும் அவனுக்கும் தெரியாது.

அவன் எப்படிப் பார்க்கிறான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் எல்லாத் தவறுகளும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. அவனுடைய உலகம் கறுப்பு வெள்ளை அல்ல. நிறமே தெரியாதவர்கள் மிகமிக அரிது, சுமார் 30,000 பேரில் ஒருவர். அவர்களுக்கு வெயிலில் கண் கூசும், பார்வையும் மங்கல் என்பதால் சின்ன வயதிலேயே வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள். நாம் பேசுவது மற்றவர்களைப் பற்றி. விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் மூன்று வகை. ஒன்று நீலப் பக்கத்து ஒளிக்கு, சுமார் 420 நானோமீட்டர் அலைநீளத்தில், அதிகம் தூண்டப்படும். மற்றது 530-லும், இன்னொன்று 560-லும். பின்னிரண்டும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். அந்த இரண்டுக்கும் இடையே உள்ள சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை சிவப்பையும் பச்சையையும் பிரிக்கிறது. இரண்டில் ஒன்று இல்லாமல் போனாலோ, ஒன்றின் உச்சம் நகர்ந்து மற்றதை ஒட்டிப் போனாலோ அந்தப் பிரிப்பு கலைந்துவிடும். குறைபாடு உள்ளவர்களில் அதிகம் இருப்பவர்கள், 530 பக்கத்துக் கூம்பு நகர்ந்து போனவர்கள். அவர்களுக்குப் பளிச்சென்ற சிவப்பும் பளிச்சென்ற பச்சையும் தெரியும், மங்கிய நிறங்களில்தான் தடுமாற்றம். அதனால்தான் பல வருடம் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறார்கள்.

கூம்பில் ஒரு வகையே இல்லாதவருக்கு நீலமும் மஞ்சளும் தெளிவாகத் தெரியும். சிவப்பு, ஆரஞ்சு, பழுப்பு, இலைப்பச்சை எல்லாம் மஞ்சளும் காவியும் கலந்த ஒரே குடும்பத்தின் வெளிறிய, அடர்ந்த சாயல்களாகத் தெரியும். ஊதா அவருக்கு நீலம். வெளிர் ரோஸ் சாம்பல். நீலமும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் ஒரு நிறம் வெள்ளையாகவே போய்விடும். 560 பக்கத்துக் கூம்பு இல்லாதவருக்கு இன்னொரு சிரமமும் சேரும்: சிவப்பு ஒளியே மங்கிப் போவதால் அடர் சிவப்பு கறுப்பை ஒட்டித் தெரியும்.

பாவூர்சத்திரம் பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் இது எப்படி இருக்கும் என்று பாருங்கள். ‘பழுத்ததை மட்டும் பறிலே’ என்று அப்பா சொல்கிறார். நன்றாகப் பழுத்த பழத்தைப் பையன் கண்டுபிடித்துவிடுவான். தோலின் மினுமினுப்பு கூடியிருக்கும், விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும், இலையைவிட ஒரு படி அடர்த்தியாகத் தெரியும். மாட்டிக்கொள்வது செங்காயில். பாதி பச்சை, பாதி ஆரஞ்சு என்று மற்றவர் கண்ணுக்கு உடனே படுவது அவனுக்கு முழுவதும் ஒரே மங்கிய மஞ்சள். இரண்டு கூடை பறித்தால் ஒன்றில் காயும் பழமும் கலந்து கிடக்கும். ‘வேலையில் கவனம் இல்லை’ என்று திட்டு விழும். கவனம் அவனிடம் மற்றவர்களைவிட அதிகம். ஒவ்வொரு காயையும் தொட்டுப் பார்த்துத்தான் பறித்திருப்பான்.

நிறம் பரவியிருக்கும் அளவும் முக்கியம். பத்தமடைப் பாயில் ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்புக் கரையும் பச்சைக் கரையும் ஓடினால் இலேசான குறைபாடு உள்ளவர் பிரித்துச் சொல்லிவிடுவார். அதே சாயமிட்ட கோரையை ஒற்றை இழையாக உருவிக் கையில் கொடுத்தால் குழம்புவார். பரப்பு சுருங்கச் சுருங்கச் சிரமம் கூடும். வரைபடத்தின் மெல்லிய கோடு, மின்தடையின் பட்டை, சார்ஜரில் மின்னும் ஒரு புள்ளி விளக்கு, பர்னர் சுடரில் ஒரு நொடி தோன்றி மறையும் நிறம் ஆகிய எல்லாமே இந்தச் சின்னப் பரப்புக் கணக்கில்தான் வருகின்றன. பள்ளிக்கூடத்தில் நிறத்தை வைத்து நாம் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை.

இனி சோதனை. வேண்டியது முன்னே சொன்ன புள்ளிப் படப் புத்தகம், இஷிஹாரா புத்தகம். அதன் ஒவ்வொரு படத்தையும் தகடு என்பார்கள்; பெரும்பாலானவற்றில் நிறப் புள்ளிகளுக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும். ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-இல் வெளியிட்டது. இன்றும் உலகம் முழுக்க முதல் வடிகட்டல் இதில்தான் நடக்கிறது. 38 தகடு, 24 தகடு, 14 தகடு என்று மூன்று பதிப்புகள். பள்ளிக்கு 24 தகடு போதும். பள்ளிக்கு ஒன்று வாங்க வேண்டாம். ஒன்றியத்துக்கு ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விட்டாலே ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதத்தில் எல்லாப் பள்ளிகளும் முடிந்துவிடும். அச்சிட்ட அசல் புத்தகமாக இருக்க வேண்டும். கலர் ஜெராக்ஸ் எடுத்த தகடோ, போனில் இறக்கிய படமோ உதவாது. மை மாறினால் புள்ளிகளின் நிறப் பொருத்தம் கெட்டுவிடும், போன் திரையில் இரவு மோடும் வெளிச்ச அளவும் ஆளுக்கு ஆள் வேறு. அப்படிச் சோதித்தால் நல்ல கண் உள்ளவன் தோற்பான், குறைபாடு உள்ளவன் தேறுவான்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. பகல் வெளிச்சம் வேண்டும், ஆனால் நேர் வெயில் கூடாது. காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிக்குள், வடக்குப் பார்த்த தாழ்வாரம் நல்லது. வேப்பமர நிழலில் மேசை போடாதீர்கள். இலை வழியாக இறங்கும் வெளிச்சத்தில் பச்சை கலந்திருக்கும். சாயம் பூசிய சுவருக்குப் பக்கத்திலும் வேண்டாம். குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் வைத்தால், தோற்க வேண்டிய பிள்ளைகள் சில தகடுகளைப் படித்துவிடுவார்கள். கண்ணாடி போடும் பிள்ளை கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். கலர் கண்ணாடியும் கலர் லென்ஸும் கூடாது.

தகட்டைப் பிள்ளையின் கண்ணிலிருந்து 75 சென்டிமீட்டரில், பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள். ஒரு தகட்டுக்கு 3 விநாடி. அதற்குள் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டு அடுத்த தகட்டுக்குப் போங்கள். ‘நல்லாப் பாரு, யோசிச்சுச் சொல்லு’ என்று நேரம் கொடுத்தால் சோதனை கெட்டது. முகத்திலும் எதையும் காட்டாதீர்கள். முதல் தகட்டில் உள்ள 12 எல்லோருக்கும் தெரியும். அதையே படிக்காத பிள்ளைக்கு எண் தெரியாது, அல்லது பார்வைக் கூர்மையே குறைவு, அல்லது கேள்வி புரியவில்லை. அடுத்த தகட்டில் நல்ல நிறப்பார்வை உள்ளவர் 8 என்பார், சிவப்பு–பச்சைக் குறைபாடு உள்ளவர் 3 என்பார். எண் படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பின்பக்கத் தகடுகளில் வளைந்து செல்லும் கோடு இருக்கிறது; அதைத் தொடர்ந்து காட்டச் சொல்லலாம். அப்போதும் விரல் தகட்டில் படக் கூடாது, மெல்லிய தூரிகையால் காட்டட்டும். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்டுப் பட்டுப் புள்ளிகள் அழுக்கேறிவிடும். வேலை முடிந்ததும் புத்தகத்தை மூடி, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். திறந்தே கிடந்தால் மை வெளிறும்.

மதிப்பெண் கணக்கு பதிப்புக்குப் பதிப்பு மாறும். 24 தகட்டுப் புத்தகத்தில் முதல் 15 தகடுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். 13 அல்லது அதற்கு மேல் சரி என்றால் நிறப்பார்வை நன்று. 9 அல்லது அதற்குக் கீழ் என்றால் குறைபாடு. 38 தகட்டுப் புத்தகத்தில் முதல் 21 தகடுகள். 17-க்கு மேல் நன்று, 13-க்குக் கீழ் குறைபாடு, அந்த 17-ம் 13-ம் அந்தந்தப் பக்கத்தில் சேர்த்தி. இடையில் விழும் பிள்ளைகள் மிகச் சிலரே. அவர்களையும் தோற்றவர்களையும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்கோ அருகிலுள்ள கண் மருத்துவரிடமோ அனுப்புங்கள். உறுதி சொல்வது மருத்துவர் வேலை. இஷிஹாரா தகடு குறைபாடு இருக்கிறதா என்று நன்றாகச் சொல்லும், எவ்வளவு கடுமை என்று சொல்லாது. நீலம்–மஞ்சள் குறைபாட்டையும் அது பிடிக்காது.

ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் என்றால் 40 பேர் வகுப்பு ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். பிறவிக் குறைபாடு வயதோடு கூடாது, குறையாது. ஆகவே வாழ்நாளுக்கு ஒருமுறை போதும். ஒரு விலக்கு மட்டும் உண்டு: முன்பு சரியாக இருந்த நிறம் பிற்பாடு மங்கினாலோ, ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு வெளிறித் தெரிந்தாலோ அது வேறு நோய். பார்வை நரம்பு அழற்சியாக இருக்கலாம். காசநோய்க்கு எத்தாம்புட்டால் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த மருந்தாலும் இப்படி ஆகலாம். அப்படிச் சொல்லும் பிள்ளையை அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

ஆய்வகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் ஒரு பிள்ளையின் மதிப்பெண் அவன் வேதியியலை நம்பாமல் அவன் கூம்பு செல்லை நம்பி நிற்கும் இடம் அது. ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவை அளப்பது தரம்பார்த்தல். சோடியம் ஹைட்ராக்சைடு தரம்பார்த்தலில், முடிவை நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டியாகப் பினாப்தலீன் போடுகிறோம். நிறமற்றதிலிருந்து வெளிர் ரோஸுக்குப் போகும் அந்த முதல் சாயல்தான் முடிவுப்புள்ளி. வெளிர் ரோஸ் இந்தப் பிள்ளைக்குச் சாம்பல் கலந்த வெள்ளை. அவன் கண்ணுக்கு மாற்றம் உறைப்பதற்குள் குடுவை அடர் ரோஸ் ஆகிவிடும், பியூரெட் என்ற சொட்டுவிடும் அளவுக் குழாயின் அளவீடு தள்ளிப் போகும், மூன்று முறை செய்தால் மூன்று விடை வரும். ‘கை நடுக்கம்’ என்று எழுதிவிடுகிறோம்.

இதற்கு மாற்று வேதியியலிலேயே இருக்கிறது. பினாப்தலீன் வேலை செய்யும் பிஎச் (அமில–காரத் தன்மையின் அளவு) எல்லை சுமார் 8.2 முதல் 10 வரை. தைமால் புளூ 8.0 முதல் 9.6 வரையில் மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாறும். ஹைட்ரோகுளோரிக் அமிலமானாலும் ஆக்சாலிக் அமிலமானாலும் சோடியம் ஹைட்ராக்சைடோடு தரம்பார்க்க இது பொருந்தும். மஞ்சளும் நீலமும் அந்தப் பிள்ளைக்கு மிகத் தெளிவாகத் தெரியும் இரண்டு நிறங்கள். 0.1 கிராம் தைமால் புளூவை 100 மில்லிலிட்டர் எத்தனாலில் கரைத்து வைத்துக்கொண்டால் குடுவைக்கு 2, 3 துளி போதும். ஒரு பாட்டில் பல தேர்வுகளுக்கு வரும். மெத்தில் ஆரஞ்சு போடும் இடத்தில் சிவப்பு–மஞ்சள் மாற்றம் 3.1 முதல் 4.4 வரை நடக்கிறது. அங்கே புரோமோபீனால் புளூ போடலாம், 3.0 முதல் 4.6 வரை, மஞ்சளிலிருந்து நீலம். இரண்டும் சாதாரணமாக ஆய்வகச் சாமான் கடைகளில் கிடைக்கும் தூள்கள்தாம்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் நிறங்காட்டியே அதுதான் என்பதால் மாற்ற முடியாது. ஆனால் அதன் இளஞ்சிவப்பில் நீலப் பங்கும் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்த்தால் பிடித்துவிடலாம். குடுவைக்கு அடியில் வெள்ளைப் பீங்கான் ஓடு வையுங்கள். பக்கத்தில் அதே அளவு கரைசலோடு, பெர்மாங்கனேட் ஒரு துளிகூடச் சேர்க்காத இன்னொரு குடுவை. ஜன்னல் பக்கத்து மேசை. இதையும் தாண்டித் தெரியாவிட்டால், பிள்ளை பியூரெட்டைக் கையாளட்டும், ஆய்வக உதவியாளர் ‘மாறிவிட்டது’ என்று மட்டும் சொல்லட்டும். அளவீடும் கணக்கும் பிள்ளையுடையவை. நாம் மதிப்பிட வேண்டியதும் அவற்றைத்தான்.

உப்புப் பகுப்பாய்வில், உப்பைச் சுடரில் காட்டி நிறத்தைப் பார்க்கும் சுடர் சோதனை இவர்களுக்குப் பெரிய வலை. கால்சியத்தின் செங்கல் சிவப்பும் பேரியத்தின் ஆப்பிள் பச்சையும் ஒரே மஞ்சள் சாயலாகப் போய்விடும். கால்சியத்தை அம்மோனியம் ஆக்சலேட் தரும் வெள்ளை வீழ்படிவாலும் (கரைசலில் படியும் திடப்பொருள்) பேரியத்தைப் பொட்டாசியம் குரோமேட் தரும் மஞ்சள் வீழ்படிவாலும் உறுதி செய்ய விடுங்கள். ஃபெரிக் (இரும்பு) அயனிக்குத் தயோசயனேட்டின் இரத்தச் சிவப்பு வேண்டாம், ஃபெரோசயனைடின் அடர் நீலம் போதும். குளோரைடு, புரோமைடு, அயோடைடு மூன்றையும் சில்வர் நைட்ரேட் வீழ்படிவின் வெள்ளை, வெளிர் மஞ்சள், மஞ்சள் என்ற சாயலை வைத்து இழுபறி செய்வதற்குப் பதில் அம்மோனியாவில் கரைத்துப் பார்க்கலாம்: முதலாவது எளிதில் கரையும், இரண்டாவது அரைகுறையாக, மூன்றாவது கரையாது. தாமிரத்தின் அடர் நீலத்தில் பிரச்சினையே இல்லை. செப்பு வந்தால் இந்தப் பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே சொல்லிவிடுவார்கள். இப்படிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒவ்வொரு அயனிக்கும் இவர்கள் கண்ணுக்கு ஏற்ற ஒரு சோதனை ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கிறது. அதை அனுமதிக்க ஒரு சுற்றறிக்கை மட்டும் வேண்டும்.

இயற்பியல் மேசையில் மின்தடை. அதன் மதிப்பு நிறப் பட்டைகளில் குறிக்கப்பட்டிருக்கும். பழுப்பு–கறுப்பு–சிவப்பு என்றால் 1,000 ஓம். பழுப்பு–கறுப்பு–பச்சை என்றால் 10 லட்சம் ஓம். ஒரு பட்டையைத் தவறாகப் பார்த்தால் ஆயிரம் மடங்கு பிழை. மல்டிமீட்டர் கொடுங்கள், மின்தடையை மின்சுற்றிலிருந்து கழற்றிய பிறகு அளக்கச் சொல்லுங்கள். ஐ.டி.ஐ. மின்பணியாளர் பிரிவில் இது உயிர்ச் சமாச்சாரம். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்று ஓடும் பழைய வயரிங்கில், சிவப்பு மங்கித் தெரியும் பிள்ளைக்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்றாகும். வயரின் இரு முனையிலும் எழுத்து ஒட்டவும், டெஸ்டர் வைக்காமல் எதையும் தொடாமலிருக்கவும் முதல் நாளே பழக்க வேண்டும். நிறப்பார்வை நன்றாக உள்ள பிள்ளைக்கும் இந்தப் பழக்கம் நல்லதுதானே.

வகுப்பறை மாற்றங்களுக்குச் செலவே இல்லை. பச்சைப் பலகையில் சிவப்பு, ஆரஞ்சு சாக்பீஸ் வேண்டாம். வெள்ளையும் மஞ்சளும் போதும். முக்கியமான வரிக்கு அடிக்கோடு போடுங்கள், கட்டம் கட்டுங்கள். கறுப்புப் பேனாவால் எழுதிய விடைத்தாளில் சிவப்பு மையால் மெல்லிய கோடு கிழித்தால் சில பிள்ளைகளுக்கு அது தெரியவே தெரியாது. ஓரத்தில் ஒரு வட்டம் போட்டுக் குறிப்பு எழுதினால் தெரியும். வரைபடத்தில் ‘பச்சைப் பகுதி சமவெளி, பழுப்புப் பகுதி மேட்டுநிலம்’ என்று கேட்காதீர்கள். பகுதிக்கு எண் போடுங்கள், அல்லது கோடும் புள்ளியும் இட்டுப் பிரித்துக் காட்டுங்கள். கலர் பென்சில்களில் தமிழில் நிறப்பெயர் எழுதிய சின்னச் சீட்டு ஒட்டுங்கள். மைதானத்தில் ஒரு அணிக்குச் சிவப்பு, எதிரணிக்குப் பச்சை பனியன் கொடுத்தால் அவன் பந்தை எதிராளிக்குத் தட்டிவிடுவான். மஞ்சளும் நீலமும் கொடுங்கள். புல்லில் விழுந்த சிவப்புப் பந்தைத் தேட அவனுக்கு நேரமாகும். அதற்காக பி.டி. சார் சத்தம் போட வேண்டாம்.

ஆசிரியர் தயாரிக்கும் வினாத்தாளோ படமோ சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். அப்போதும் கேள்விக்கு விடை சொல்ல முடிந்தால் படம் சரி. இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் திறக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் நிறப்பார்வைக் குறைபாட்டைப் போலவே திரையைக் காட்டும் வசதி இருக்கிறது. ஆசிரியர் கூட்டத்தில் ஐந்து நிமிடம் அந்தத் திரையில் பாடப்புத்தகப் படங்களை ஓட்டிக் காட்டுங்கள். நாங்கள் இங்கே எழுதியிருப்பதைவிட அது அதிகம் சொல்லும்.

சோதனையில் குறைபாடு தெரிந்த பிறகு எப்படிச் சொல்வது என்பதில் மிகுந்த பக்குவம் வேண்டும். வகுப்பில் பெயர் சொல்லி அறிவிக்கக் கூடாது. தெரிந்தவுடன் மற்ற பிள்ளைகள் சட்டையைக் காட்டி ‘இது என்ன கலர்?’ என்று வரிசையில் நிற்பார்கள். ஆசிரியர்களே அப்படிக் கேட்பதும் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். பெற்றோரைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தகவல் தளமான எமிஸில் இதற்கு ஒரு கட்டம் ஏற்படுத்தினால் பிள்ளை பள்ளி மாறினாலும் தகவல் கூடவே போகும். பார்க்கும் உரிமை வகுப்பாசிரியருக்கும் ஆய்வக ஆசிரியருக்கும் மட்டும் இருந்தால் போதும்.

பெற்றோர் முதலில் கேட்பது ‘எங்க வீட்ல யாருக்கும் இல்லையே’ என்பது. சிவப்பு, பச்சை நிறமிகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கின்றன. பையனுக்கு ஒரே எக்ஸ், அது அம்மாவிடமிருந்து வருவது. ஆகவே இந்தக் குறைபாடு அப்பாவிடமிருந்து மகனுக்கு வராது. அம்மாவின் அப்பாவுக்கோ தாய்மாமனுக்கோ இருந்திருக்கலாம். அவர்கள் சோதித்துப் பார்த்திருக்கவே மாட்டார்கள். இதைச் சொல்லும்போது வீட்டில் பழி முழுவதும் தாயின் தலையில் விழ வாய்ப்பிருக்கிறது. அதனால் ‘யாரும் எதையும் செய்து வந்ததில்லை, கர்ப்ப காலத்தில் சாப்பிட்டதாலும் வரவில்லை’ என்று அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

பெண் பிள்ளைகளையும் சோதிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெண்ணுக்கு இரண்டு எக்ஸும் பழுதாக இருந்தால்தான் குறைபாடு வெளியே தெரியும், அதனால் அரிது. ஆனால் நம் பக்கம் மாமன் மகளைக் கட்டும் வழக்கம் இருக்கிறது. ஒரு பையனுக்கும் அவன் தாய்மாமனுக்கும் ஒரே குறைபாடு என்றால், அந்த மாமன் மகள் அந்த மரபணுவைக் கட்டாயம் சுமப்பவள். அவர்களுக்குப் பிறக்கும் குழந்தை ஆணானாலும் பெண்ணானாலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கல்யாணத்தைத் தடுக்க இதைச் சொல்லவில்லை. இந்தக் குறைபாட்டால் யாருடைய ஆயுளும் குறைவதில்லை. பெண் பிள்ளைகளை விட்டுவிட்டு நடத்தும் சோதனை நம் ஊருக்குப் பொருந்தாது என்பதற்காகச் சொல்கிறோம்.

வேலை விஷயத்தில் பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். ரயில் ஓட்டும் லோகோ பைலட் பணி கிடைக்காது. அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது: தெருச் சிக்னலில் சிவப்பு மேலே, பச்சை கீழே என்று இடத்தை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம், இருட்டில் தூரத்தில் தெரியும் ஒற்றை விளக்குக்கு இடம் கிடையாது. 1875-இல் சுவீடனில் லாகர்லுண்டா அருகே நடந்த ரயில் விபத்துக்குப் பிறகுதான் ஹோல்ம்கிரென் என்ற உடலியல் அறிஞர் கம்பளி நூல்களை வைத்து ரயில் ஊழியர்களின் நிறப்பார்வையைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். கப்பலின் மேல்தளப் பணியும் அப்படித்தான். எதிரே வரும் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. அதைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று முடிவெடுக்க வேண்டும். தூத்துக்குடிப் பிள்ளைகள் பயிற்சிக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூடாத கதவுகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். இலேசான, நடுத்தரக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் தரலாம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020-இல் விதியைத் திருத்தியது. நிறப்பார்வைக் குறைபாட்டைக் காட்டி மறுக்கப்பட்ட ஒருவருக்குத் தமிழ்நாட்டு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணி தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் இந்தக் குறைபாடு இல்லை. அதனால் இடஒதுக்கீடு கேட்க முடியாது, ஆனால் வேலையின் தேவைக்கு ஏற்ற சிறு வசதிகளைக் கேட்கலாம் என்ற இடத்துக்கு நீதிமன்றம் வந்திருக்கிறது. சட்டம், கணக்கு, ஆசிரியப் பணி, கணினி என்று பெரும்பாலான துறைகளில் நிறச் சோதனையே கிடையாது. பத்தாம் வகுப்பு முடித்துக் குரூப் எடுக்கும்போது இதெல்லாம் தெரிந்திருந்தால் பையன் தன் ஆசைக்கு வேறு வழி தேட ஆறேழு வருடம் கையில் இருக்கும்.

குணமாக்கித் தருகிறோம் என்று சொட்டு மருந்தும் கண் பயிற்சியும் விற்பவர்களைப் பற்றியும் எச்சரியுங்கள். போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள்தாம் இவர்களின் வாடிக்கை. பிறவிக் குறைபாட்டை மாற்றும் மருந்து இன்று இல்லை. 2009-இல் குரங்குகளில் மரபணு சிகிச்சை பலித்தது, மனிதருக்கு இன்னும் சிகிச்சையாக வரவில்லை. சில நிறங்களை வடிகட்டும் கண்ணாடிகள் சில ஜோடி நிறங்களை விலக்கிக் காட்டும், வேறு சிலவற்றை மங்கவைக்கும். இயல்பான நிறப்பார்வையைத் தராது, மருத்துவப் பரிசோதனையில் போட்டுக்கொண்டு பார்க்கவும் விடமாட்டார்கள். தகடுகளை மனப்பாடம் செய்துவிட்டுப் போவதும் வீண். பரிசோதகர் வரிசையை மாற்றிக் காட்டுவார்.

உங்களிடம் நாங்கள் கேட்பவை மூன்று உத்தரவுகள். ஒன்றியத்துக்கு ஒரு 24 தகட்டு இஷிஹாரா புத்தகமும், பள்ளிக்கு ஓர் ஆசிரியருக்கு அரை நாள் பயிற்சியும். அந்தப் பயிற்சியை நடத்த நாங்கள் வருகிறோம், கட்டணம் வேண்டாம். அடுத்தது, இந்த ஆண்டு ஆறாம் வகுப்போடு சேர்த்துப் பத்தாம் வகுப்புக்கும் ஒருமுறை சோதனை, ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே நம் கையை விட்டு நழுவிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது, செய்முறைத் தேர்வில் மாற்று நிறங்காட்டிகளையும் மாற்று உறுதிச் சோதனைகளையும் ஆய்வக உதவியாளரின் வாய்மொழி உதவியையும் அனுமதிக்கும்படி தேர்வுத் துறைக்கு உங்கள் பரிந்துரை. அது டிசம்பருக்குள் போய்ச் சேர்ந்தால்தான் பிப்ரவரித் தேர்வுக்கு முன் தைமால் புளூவை வாங்கிக் கரைத்து, பிள்ளைகளுக்கு இரண்டு முறையாவது பழக்கிக் காட்ட முடியும்.

இப்படிக்கு,
நெல்லைச் சீமையின் கண் பரிசோதகர்களும் ஆய்வக ஆசிரியர்களும் சிலர்
பாளையங்கோட்டை